எண்ணெய் வாடை அடித்ததும் ஏறும் பங்குகள்: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணிப் பக்கமிருந்தும் சிறிய எண்ணெய், எரிவாயு நிறுவனப் பங்குகளைப் பற்றிக் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டு, அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஆம்பூர் வாசகர்: தோல் ஜாப் ஒர்க் செய்கிறேன். நான் வைத்திருக்கும் ஒரு சிறிய நிறுவனம், "2,140 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரோகார்பன் தடயங்கள் தென்பட்டன" என்று எக்ஸ்சேஞ்சில் அறிவித்தது. அன்றிலிருந்து எட்டு நாள் தொடர்ந்து 5 சதவீத அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட மேல் வரம்பு). 18 ரூபாய் பங்கு 26-ஐத் தாண்டிவிட்டது. டெலிகிராம் குழுவில் "எண்ணெய் கிடைத்துவிட்டது, 100 ரூபாய் நிச்சயம்" என்கிறார்கள். இன்னும் 3 லட்சம் போடலாமா?

போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய அறிவிப்பை வரி வரியாகப் படித்தோம். எண்ணெய் கிடைத்ததாக அதில் ஓரிடத்திலும் இல்லை. தடயம் என்ற சொல்தான் இருக்கிறது. அது எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் அதன் மதிப்பு புரியும்.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மட் என்கிற சேற்றுக் கலவையைக் குழாய்க்குள் விட்டு, பிட் என்ற துளையிடும் முனையின் துளைகள் வழியாக வெளியேற்றி, குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வரவழைக்கிறார்கள். பெண்டனைட் களிமண்ணும், எடை கூட்டுவதற்கு பாரைட் பொடியும் அதில் இருக்கும். (நமக்கு வடக்கே ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கிறார்களே, அதே பாரைட்.) சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைச் சலித்து, கழுவி, புற ஊதா விளக்கின் கீழே பார்ப்பார்கள். எண்ணெய் ஒட்டியிருந்தால் மஞ்சளாகவோ நீல வெள்ளையாகவோ ஒளிரும். சேற்றில் கரைந்து வரும் வாயுவையும் கருவி அளந்துகொண்டே இருக்கும். துகள் ஒளிர்ந்தாலோ வாயு அளவு கூடினாலோ அதுவே தடயம். ஆங்கிலத்தில் ஷோ என்பார்கள்.

வறண்ட கிணறுகளிலும் தடயம் தென்படுவது சாதாரணம். களிப்பாறையில் எப்போதும் கொஞ்சம் வாயு இருக்கும். ஒரு காலத்தில் எண்ணெய் இருந்து, பிறகு வேறெங்கோ நகர்ந்துவிட்ட பாறையிலும் கறை மிஞ்சியிருக்கும். எண்ணெய் இருந்தும் பாறையின் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணையாமல் இருந்தால் ஒரு சொட்டும் கிணற்றுக்கு வந்து சேராது.

அடுத்த படி, கருவிகளைக் கம்பியில் கட்டி இறக்கி லாக் எடுப்பது, அதாவது பாறையின் தன்மையை ஆழவாரியாகப் பதிவது. காமா கதிர் அளவு மணற்கல் எது, களிப்பாறை எது என்று காட்டும். மின்தடை கூடினால் துளைகளில் உப்புநீருக்குப் பதில் எண்ணெயோ வாயுவோ இருக்கலாம். அடர்த்திக் கோடும் நியூட்ரான் கோடும் ஒன்றையொன்று தாண்டினால் வாயு என்று ஊகிப்பார்கள். இந்தக் கட்டத்தில் நிறுவனம் சொல்ல வேண்டிய எண் நெட் பே, அதாவது உண்மையில் எண்ணெய் தரக்கூடிய தடிமன். "மொத்தம் 60 மீட்டர்" என்று மட்டும் எழுதி நெட் பேயைச் சொல்லாவிட்டால், அந்த 60-ல் 6 மீட்டர்தான் தேறும் என்பதாகவும் இருக்கலாம்.

லாக் நன்றாக இருந்தால்தான் 7 அங்குலமோ அதற்குப் பக்கத்து அளவோ உள்ள உற்பத்திக் கேசிங் (கிணற்றின் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கி, சிமென்ட் போட்டு, வெடித்துளைக் கருவியால் குழாயில் ஓட்டை போட்டுச் சோதிப்பார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும் என்பதால் நம்பிக்கை இல்லாத கிணற்றுக்கு யாரும் உற்பத்திக் கேசிங் இறக்குவதில்லை. ஆகவே நீங்கள் காத்திருக்க வேண்டிய சொற்கள் மூன்று: நெட் பே இவ்வளவு மீட்டர், உற்பத்திக் கேசிங் இறக்கப்பட்டது, சோதனையில் இவ்வளவு பீப்பாய் ஓடியது. கடைசி ஆழத்தை எட்டி லாக் எடுத்து முடிக்கச் சில நாட்கள் போதும். ஆழத்தை எட்டிவிட்டோம் என்ற அறிவிப்புக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் பேச்சே இல்லையென்றால் அந்த மௌனத்தையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். "கிணறு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது" என்ற வரி வந்தால் நிலைமை பெரும்பாலும் நன்றாக இல்லை.

ராணிப்பேட்டை வாசகர்: பாய்லர் ஃபேப்ரிகேஷன் தொழிலில் இருக்கிறேன். ஒரு நிறுவனம் தன் கிணறு நாளொன்றுக்கு 800 பீப்பாய் தருகிறது என்று அறிவித்தது. அதை ரூபாயில் எப்படிக் கணக்கிடுவது?

நம் பக்கம் போர் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துளை போட்டு முடித்ததும் கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். "இரண்டரை இஞ்ச் தண்ணீர்" என்று ரிக் காரர் சொல்லுவார். பாறை வெடிப்புகளில் வருடக் கணக்கில் தேங்கியிருந்த தண்ணீர் அது. மோட்டார் இறக்கி ஒரு கோடை ஓட்டிப் பார்த்தால்தான் உண்மையான வரத்து தெரியும். எண்ணெய்க் கிணற்றின் முதல் சோதனையும் இப்படித்தான். கிணற்றைச் சுற்றியுள்ள அழுத்தம் முழுதாக இருக்கும் நேரத்தில் எடுத்த எண் அது.

அதனால் 800 என்ற எண்ணோடு நான்கு விவரங்களைத் தேடுங்கள். முதலாவது சோக்கின் அளவு. கிணற்றின் வாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துவாரம் அது. அங்குலத்தின் 64-ல் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். 32/64 என்றால் அரை அங்குலம். சிறிய சோக்கில் வந்த 800 பீப்பாய் வேறு, முழுதும் திறந்துவிட்டு வந்த 800 வேறு. இரண்டாவது, எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பது. 6 மணி நேரம் ஓட்டி 200 பீப்பாய் எடுத்துவிட்டு, அதை நான்கால் பெருக்கி "நாளொன்றுக்கு 800" என்று எழுதும் வழக்கம் உண்டு. மூன்றாவது, சோதனை தொடங்கியபோதும் முடிந்தபோதும் கிணற்றுவாய் அழுத்தம் எவ்வளவு. 1,200 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அலகு) தொடங்கி பத்து மணி நேரத்தில் 700-க்கு இறங்கி, கிணற்றை மூடிவைத்தும் பழைய அழுத்தம் திரும்பவில்லையென்றால், பாத்திரம் சிறியது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நான்காவது தண்ணீர். வந்த திரவத்தில் எத்தனை சதவீதம் நீர் என்பதைச் சொல்லாத அறிவிப்பை நம்பிப் பணம் போட வேண்டாம்.

இனி ரூபாய்க் கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். கிணற்றில் உங்கள் நிறுவனத்தின் பங்கு 25 சதவீதம் என்றால் 800-ல் அதற்குரியது 200 பீப்பாய். (அறிவிப்பின் தலைப்பில் 800 இருக்கும், 25 சதவீதம் ஐந்தாம் பத்தியில் இருக்கும்.) முதல் ஆண்டிலேயே ஓட்டம் குறையும். ஆண்டுச் சராசரி 150 என்று வைப்போம். பம்ப் பழுது, பராமரிப்பு போக 330 நாள் ஓட்டம். 150 × 330 = 49,500 பீப்பாய். ஒரு பீப்பாய் 5,500 ரூபாய்க்குப் போனால் வரவு 27.2 கோடி. ராயல்டி 12.5 சதவீதம் என்றால் 3.4 கோடி கழியும். எடுப்பு, சுத்திகரிப்பு, டேங்கர் லாரி வாடகை எல்லாம் சேர்த்துப் பீப்பாய்க்கு 1,800 ரூபாய் என்றால் 8.9 கோடி. மிச்சம் ஏறக்குறைய 15 கோடி. அதிலும் அரசின் வருவாய்ப் பங்கு, கடன் வட்டி, வரி போக வேண்டும். துளையிட்ட செலவும் மீள வேண்டும். அடுத்த ஆண்டு ஓட்டம் இன்னும் குறையும். இந்த அறிவிப்பினால் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 300 கோடி கூடியிருந்தால், வாங்குகிறவர் இன்னும் தோண்டாத பல கிணறுகளுக்கும் சேர்த்து இன்றே விலை கொடுக்கிறார்.

எரிவாயு என்றால் இன்னொரு எச்சரிக்கை. 6,000 கன அடி வாயுவை ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சமமாக எழுதுவார்கள். எரியும்போது கிடைக்கும் வெப்பத்துக்குத்தான் அந்தச் சமன். விலைக்கு அது பொருந்தாது. எண்ணெயை லாரியில் ஏற்றலாம். வாயுவுக்குப் பக்கத்தில் குழாய்ப் பாதை வேண்டும், வாங்க ஆலை வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நல்ல வாயுக் கிணறும் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும்.

குடியாத்தம் வாசகர்: "சிறந்த மதிப்பீட்டின்படி 4 கோடி பீப்பாய்" என்று ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதைச் சந்தை விலையால் பெருக்கி, பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் மதிப்பு வந்துவிடுமா?

வராது. அந்த 4 கோடிக்குப் பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். உலகெங்கும் பின்பற்றப்படும் வகைப்பாட்டில் மூன்று படிகள் உண்டு. கிணறே தோண்டாமல், நில அதிர்வுப் படத்தை வைத்து ஊகித்தது புராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ். கண்டுபிடித்தாயிற்று, ஆனால் விற்கும் வழியோ அனுமதியோ லாபமோ உறுதியாகவில்லை என்றால் கன்டிஞ்ஜென்ட் ரிசோர்ஸ். இன்றைய விலையில், இருக்கும் திட்டத்தில் எடுத்து விற்க முடியும் என்றால்தான் ரிசர்வ். "சிறந்த மதிப்பீடு" என்ற சொல் மூன்று படியிலும் வரும். முதல் படியில் வந்தால் அதற்கு அர்த்தம், எண்ணெய் இருந்தால் இவ்வளவு இருக்கலாம் என்பது மட்டுமே. இல்லாமல் போகும் வாய்ப்பைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

ரிசர்விலும் 1பி, 2பி, 3பி உண்டு. 1பி அளவாவது கிடைக்க 90 சதவீத வாய்ப்பு, 2பிக்கு 50, 3பிக்கு 10. உங்களைப் போல் சேமிப்பைப் போடுகிறவர் 1பியையும் அதிகம் போனால் 2பியையும் பார்த்தால் போதும். மண்ணுக்குள் மொத்தம் இருக்கும் அளவை எடுக்கக்கூடிய அளவோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. எண்ணெயில் பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடும்.

பெரிய நிறுவனங்களே தடுமாறிய இடம் இது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் குஜராத் அரசு நிறுவனமான ஜிஎஸ்பிசி கண்டதாக 2005-ல் அறிவிக்கப்பட்டது 20 டிரில்லியன் கன அடி எரிவாயு. பிறகு களத்திட்டத்தில் நின்ற அளவு ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. கடைசியில் அந்தக் களத்தில் ஜிஎஸ்பிசிக்கு இருந்த 80 சதவீதப் பங்கை 2017-ல் ஓஎன்ஜிசி வாங்கியது. அதே படுகையில் ரிலையன்ஸின் டி6 களம் 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, 2010-ல் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டரைத் தொட்டு, மூன்றே ஆண்டில் பாதிக்கும் கீழே போனது. அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியது. கிணறுகளுக்குள் நீரும் மணலும் புகுந்தன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். ராஜஸ்தானில் பார்மர் களத்தை விட்டு ஷெல் நிறுவனம் விலகியது. அதைவிட மிகச் சிறியதான கெய்ர்ன் நிறுவனம் அந்தப் பங்கை வாங்கித் தோண்டிக்கொண்டே இருந்து, 2004 ஜனவரியில் மங்களா களத்தைக் கண்டது. ஆகவே சிறிய நிறுவனம் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஆனால் மங்களாவிலிருந்து முதல் எண்ணெய் வந்தது 2009 ஆகஸ்டில். குளிர்ந்தால் மெழுகாக உறையும் எண்ணெய் என்பதால் சூடேற்றிய குழாய்ப் பாதையே போட வேண்டியிருந்தது. நிஜமான கண்டுபிடிப்புக்கே ஐந்தரை ஆண்டு. அதுவரை நிறுவனம் எந்தப் பணத்தில் நடக்கும் என்று கேளுங்கள்.

காட்பாடி வாசகி: கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவுக்கு வரும் பங்குத் தகவல்களை நான்தான் சரிபார்க்கிறேன். எங்கே, எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல வேலை செய்கிறீர்கள். என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தில் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் முதலில் அறிவிப்புகளைத் தேதி வரிசையில் படியுங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015 பட்டியல் விதிகளில் 30-வது விதிப்படி, நிறுவனத்துக்குள்ளேயே நடந்த முக்கிய நிகழ்வை 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டெலிகிராமில் இருந்து எக்ஸ்சேஞ்சில் இல்லாத செய்தியைச் செய்தியாகவே எடுக்காதீர்கள். ஊடகங்களில் வரும் வதந்திக்கு விளக்கம் தரும் கட்டாயம் சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்களுக்குத்தான், 2024 டிசம்பரிலிருந்து. நாம் பேசும் சிறு நிறுவனங்கள் அதில் வரா. அவை மறுக்கவில்லை என்பதால் வதந்தி உண்மை என்று ஆகாது.

அடுத்து, காலாண்டுப் பங்குதாரர் பட்டியல். நான்கு காலாண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். புரமோட்டர் (நிறுவனத்தை நடத்தும் முதன்மை உரிமையாளர்) பங்கு இறங்கிக்கொண்டும் சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டும் இருந்தால், யார் விற்க யார் வாங்கினார்கள் என்று விளங்கிவிடும். அடமானம் வைத்த பங்குகளின் அளவும் அங்கேயே இருக்கும்.

மூன்றாவதை மிகவும் அழுத்திச் சொல்கிறோம்: வாரண்ட் (குறித்த விலையில் பிறகு பங்கு வாங்கும் உரிமை), முன்னுரிமை ஒதுக்கீடு (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் புதுப் பங்கு தருவது). எண்ணெய் தேடும் நிறுவனத்துக்கு வருமானம் இல்லாமலே செலவு உண்டு. அதனால் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வாரண்டில் 25 சதவீதம் முன்பணம் கட்டினால் போதும். மீதியை 18 மாதத்துக்குள் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். 12 ரூபாய்க்கு வாரண்ட் வாங்கியவருக்குப் பங்கு 26-க்குப் போவதில் எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று யோசியுங்கள். புரமோட்டர் அல்லாதவர்களுக்கு ஒதுக்கிய பங்குகளுக்குப் பொதுவாக 6 மாதப் பூட்டு (விற்கத் தடை) உண்டு. அது எந்தத் தேதியில் திறக்கிறது என்று கணக்கிட்டு நாட்காட்டியில் குறியுங்கள். நல்ல செய்திகள் அந்தத் தேதிக்குச் சற்று முன்னே அடுக்கடுக்காக வந்தால் அப்பாவிடம் சொல்லுங்கள்.

பங்குப் பரிந்துரை தருகிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச் என்றும், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்றும் தொடங்கும். அதை செபி தளத்தில் போட்டுப் பெயர் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

அணைக்கட்டு வாசகர்: எங்கள் கழனிப் போரில் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது. இதைக் காட்டி ஒருவர் நிலத்துக்கு விலை பேசுகிறார்.

ஒரு குச்சியால் அந்தப் படலத்தைத் தொடுங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியாக நின்றால், தண்ணீரில் உள்ள இரும்பும் அதைத் தின்னும் நுண்ணுயிரும் செய்த வேலை. உடைந்தது மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்தான். அது நீர்மூழ்கி மோட்டாரிலிருந்தோ ரிக் கம்ப்ரசரிலிருந்தோ கசிந்ததாக இருக்கும். மோட்டாரைத் தூக்கி, கசிவைத் தடுக்கும் சீல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலூர்ப் பக்கம் கீழே இருப்பது சார்னோக்கைட்டும் நைஸும். 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இறுகிய பாறைகள். எண்ணெய்க்குப் படிவுப் பாறை வேண்டும். பாலாற்றின் கீழ்ப்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் படிவுப் பாறை உண்டு. அங்கும் வணிக அளவில் எண்ணெய் எடுக்கப்பட்டதில்லை. தமிழ்நாட்டில் எடுப்பது நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் போன்ற காவிரிப் படுகை ஊர்களில். அங்கேயும் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலை 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. டெல்டாவில் புதுக் கிணறு தோண்டப்போவதாகச் சொல்லும் சிறு நிறுவனத்தையும் இந்தச் சட்டத்தை வைத்தே எடைபோடலாம். நிலத்தை எண்ணெயை நம்பி விலை பேசாதீர்கள். முன்பணமோ "ஆய்வுச் செலவோ" கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாணியம்பாடி வாசகர்: லண்டன் சந்தையில் 2 பென்ஸுக்கு எண்ணெய்ப் பங்கு கிடைக்கிறதே, இங்கிருந்து வாங்கலாமா?

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். சட்டத் தடை இல்லை. ஆனால் இவ்வகைப் பங்கில் வாங்கும் விலை 2.2, விற்கும் விலை 1.8 என்று இருக்கும். வாங்கிய நிமிடமே 18 சதவீதம் போயிற்று. டாலர் மாற்றுச் செலவு தனி. சிறு தொகையானாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். எங்கள் பதில்: வேண்டாம்.

ஆரணி வாசகர்: பட்டுத் தறி வைத்திருக்கிறோம். மனைவியின் நகையை அடகு வைத்து இப்படி ஒரு பங்கை 40 ரூபாய்க்கு 5,000 வாங்கினேன். கிணறு வறண்டது என்று அறிவிப்பு வந்ததிலிருந்து தினமும் லோயர் சர்க்யூட் (அன்றைய கீழ் வரம்பு). விற்கப் போட்டாலும் விற்கவில்லை. என்ன செய்வது?

உங்கள் கடிதம் எங்களை மிகவும் வருத்தியது. முதலில் நிலவரம். தினம் 5 சதவீதம் இறங்கினால் 40 ரூபாய் ஐந்து நாளில் 31, பத்து நாளில் 24. வாங்குபவரே இல்லாததால் ஆர்டர் வரிசையில் நிற்கிறது. ஒரே விலைக்கு விற்க வருபவர்களில் முதலில் போட்டவருக்கே முதலில் விற்கும். காலை 10 மணிக்குப் போட்டால் உங்களுக்கு முன்னே லட்சக்கணக்கான பங்குகள் நிற்கும். முந்தின இரவே ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டராக, மறுநாளின் கீழ் வரம்பு விலையைக் கணக்கிட்டுப் போடுங்கள். மறுநாளும் விற்கவில்லையென்றால் அன்றிரவே திரும்பப் போட வேண்டும். பழைய ஆர்டர் அன்றோடு காலாவதியாகிவிடும். 5,000-ஐயும் ஒரே ஆர்டராகப் போட்டாலும், கிடைத்த அளவு விற்கும்.

"சராசரி பண்ணலாம்" என்று இப்போது மேலும் வாங்காதீர்கள். வறண்ட கிணற்றுக்குச் செலவான பணம் திரும்பாது. மிச்சம் இருப்பது நிறுவனத்தின் கையிருப்பும் அடுத்த கிணறுக்கான உரிமமும்தான். கடைசிக் காலாண்டு இருப்புநிலையில் ரொக்கத்தையும் கடனையும் பாருங்கள். ரொக்கத்திலிருந்து கடனைக் கழித்து, பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் 3 ரூபாய் என்றால், 24 ரூபாயும் அதிக விலையே.

விற்றுக் கிடைக்கும் பணத்தை வேறு பங்கில் போடாமல் நேராக அடகுக் கடனுக்குக் கட்டுங்கள். 2 லட்சத்துக்கு மாதம் ஒன்றரை சதவீத வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய் ஓடிக்கொண்டிருக்கிறது. தனியார் கடையில் இதைவிடக் கூடுதலாக இருந்தால், நகையை மீட்டு வங்கி நகைக்கடனுக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். இந்தக் குறுகிய கால நஷ்டத்தை உரிய தேதிக்குள் வருமான வரிப் படிவத்தில் காட்டினால், வரும் 8 ஆண்டுகளுக்குள் பங்கு லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம்.

விலை விழுந்ததற்காக செபி பணம் தராது. ஆனால் பதிவு எண் இல்லாதவர் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் பங்கைச் சொல்லியிருந்தால், அந்த உரையாடல்களை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து, கட்டணம் கட்டிய ரசீதோடு செபிக்குப் புகார் எழுதுங்கள். நிறுவனத்தின் மீதோ தரகர் மீதோ புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் கேட்கலாம். நிறுவனம் கிணறு வறண்டதை அறிவித்த தேதியையும், அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் பெரிய அளவில் விற்றவர்களின் பெயர்கள் எக்ஸ்சேஞ்சின் பல்க் டீல் பட்டியலில் இருந்தால் அவற்றையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.